மாட்டு மூளையா, ஆட்டு மூளையா? – பிரிட்டனில் நடந்த ஒரு பரிசோதனையின் வரலாறு

குர்பானிக்கு ஆடு வாங்கச் செல்லும்போது நம் பெரியவர்கள் அதனைச் சற்று நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். கண்ணருகே கையை அசைப்பார்கள். முதுகெலும்பைத் தடவிச் சதைப்பற்று உள்ளதா என்று அறிவார்கள். வாயைத் திறந்து பல்லை எண்ணுவார்கள். தெளிவாகத் தெரியும் குருடு, தெளிவாகத் தெரியும் நோய், தெளிவாகத் தெரியும் நொண்டி, எலும்பில் மஜ்ஜையற்றுப்போன மெலிவு ஆகிய நான்கு குறைகளைச் சுட்டும் நபிமொழி இப்பழக்கத்தின் அடிப்படை. கண்ணுக்குப் புலப்படுவதைக் கொண்டே நாம் தீர்ப்பளிக்கிறோம்; நம்மிடம் கேட்கப்படுவதும் அதுவே.

எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாமல், நான்கைந்து ஆண்டுகள் ஒரு மாட்டின் மூளைக்குள் ஒளிந்திருக்கும் நோய் ஒன்று உண்டு. செய்தித்தாள்கள் அதனை ‘மேட் கவ்’ என்று எழுதின; மருத்துவர்கள் பி.எஸ்.இ. என்பர். மாடு உயிரோடிருக்கையில் இந்நோயை உறுதிசெய்யும் பரிசோதனை இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை. இறந்த பின்னர் மூளைத்தண்டைத் தோண்டி எடுத்தே அறிய வேண்டும். ஆகவே எந்த மூளையை எடுத்தோம், யாருடைய மாட்டிலிருந்து எடுத்தோம், எந்தச் சீட்டை ஒட்டினோம் என்பவை நோயின் வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டன. அந்தச் சீட்டுகளின் கதையையே இங்கு எழுத முற்படுகிறோம்.

ஆட்டிலிருந்து தொடங்குவோம். செம்மறியாடுகளுக்கு வரும் ஸ்க்ரேபி என்னும் மூளைநோயை ஐரோப்பியர் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அறிந்திருந்தனர். நோயுற்ற ஆடு தாங்கமுடியாத அரிப்பால் வேலியிலும் கம்பத்திலும் உடலைத் தேய்த்துத் தேய்த்துக் கம்பளியை உதிர்த்துவிடும். அந்தத் தேய்ப்பே நோய்க்குப் பெயராயிற்று. பின்னர் கால்கள் தள்ளாடும், ஆடு விழும், இறக்கும். இது பரம்பரை நோயா, தொற்றுநோயா என்ற வழக்கு 200 ஆண்டுகள் நீடித்தது. 1936இல் பிரான்சின் துலூஸ் நகரக் கால்நடை மருத்துவர்களான கியூயே, ஷெல் ஆகிய இருவரும் நோயுற்ற ஆட்டின் திசுவை நலமான ஆட்டுக்குள் செலுத்தி, ஓராண்டுக்கும் மேல் பொறுமையாகக் காத்திருந்து, நோய் தொற்றுகிறது என்று நிறுவினர். முன்னர் முயன்றவர்கள் தோற்றதற்கு ஒரு காரணம், அவ்வளவு காலம் அவர்கள் காத்திராததே.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் ஒரு விபத்து நேர்ந்தது. உண்ணிகளால் பரவும் வேறொரு ஆட்டு நோய்க்காகக் கார்டன் என்னும் ஆய்வாளர் தடுப்பூசி தயாரித்தார். ஆட்டு மூளையை அரைத்து, ஃபார்மலின் இட்டுக் கிருமியைக் கொன்று செய்த மருந்து அது. அதன் ஒரு தொகுதி சுமார் 18,000 ஆடுகளுக்குப் போடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவற்றுள் ஏறத்தாழ 1,500 ஆடுகளுக்கு ஸ்க்ரேபி வந்தது. எல்லாக் கிருமிகளையும் கொல்லும் ஃபார்மலின் இதனைக் கொல்லவில்லை. கொல்வதற்கு அங்கே உயிர் ஒன்று இல்லை என்பது மிகப் பின்னரே விளங்கிற்று. 1982இல் அமெரிக்கரான ஸ்டான்லி புரூசினர், மடிப்பு பிசகிய ஒரு புரதமே இந்நோய்க்குக் காரணம் என்று கூறி, அதற்கு ‘ப்ரியான்’ என்று பெயரிட்டார். பலர் நகைத்தனர், 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டுக்கும் இதில் ஒரு சிறு வரி உண்டு: இமயமலை அடிவாரத்து ஆடுகளில் ஸ்க்ரேபி காணப்பட்டதாக 1961இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

இனி மாட்டுக்கு வருவோம். 1984 டிசம்பரில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள பிட்ஷம் பண்ணைக்கு டேவிட் பீ என்னும் கால்நடை மருத்துவர் அழைக்கப்பட்டார். 133ஆம் எண் பசுவின் முதுகு வளைந்திருந்தது; உடல் மெலிந்திருந்தது; பின்னர் தலை நடுங்கி, கால்கள் பின்னின. 1985 பிப்ரவரியில் அது இறந்தது. அப்பண்ணையின் இன்னொரு மாட்டின் தலை அவ்வாண்டு செப்டம்பரில் அரசு ஆய்வுக்கூடத்தை அடைந்தது. மூளைத் துண்டை நுண்நோக்கியில் பார்த்தபோது கடற்பஞ்சைப் போலத் துளைகள் தெரிந்தன. எனினும் மாடுகளில் ஒரு புதிய நோய் தோன்றியுள்ளது என்ற முடிவுக்கு அக்கூடம் வந்தது 1986 நவம்பரில்தான். அதற்குப் பிறகும் 1987இன் முதல் பாதி வரை செய்தி வெளியே பரவாமல் அதிகாரிகள் கட்டுப்படுத்தினர் என்பதை, பிரபு பிலிப்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவுசெய்துள்ளது. மாட்டிறைச்சி ஏற்றுமதி கெட்டுவிடும் என்ற கவலையும் அக்கட்டுப்பாட்டின் பின்னே இருந்தது.

ஜான் வைல்ஸ்மித் என்னும் நோய்ப்பரவல் ஆய்வாளர் பண்ணை பண்ணையாகக் கேட்டறிந்ததில், நோய்கண்ட மாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒன்று தீவனம் என்று தெரிந்தது. அறுத்த கால்நடைகளின் எலும்பு, குடல், தலை ஆகியவற்றை உருக்கிக் கொழுப்பெடுத்தபின் எஞ்சும் சக்கையை அரைத்து, இறைச்சி-எலும்புத் தூளாக்கிப் பசுங்கன்றுகளுக்கே ஊட்டி வந்தனர். புல் மேயும் பிராணிக்கு அதன் இனத்தின் எச்சத்தையே புரதச் சத்து என்று கொடுத்தனர்! அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணியை ‘ஜல்லாலா’ என்று நம் ஃபிக்ஹு நூல்கள் அழைத்து, அதனைக் கட்டிவைத்துச் சில நாள் தூய தீவனம் கொடுத்த பின்னரே உண்ணலாம் என்று பேசுவதை வாசகர்கள் அறிவர். அது தடையா, வெறுக்கத்தக்கதா என்பதில் சட்டவல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பிராணி எதைத் தின்றது என்று கேட்கும் உரிமை இறைச்சி உண்பவருக்கு உண்டு என்பதில் எவரும் மாறுபடவில்லை. பிரிட்டனின் நுகர்வோர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கசாப்புக் கடைக்காரருக்கே விடை தெரியாது.

1988 ஜூனில் நோயை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட்டது. ஜூலையில் அசைபோடும் பிராணிகளுக்கு அத்தூளை ஊட்டுவது தடைசெய்யப்பட்டது. ஆகஸ்டில் நோயுற்ற மாடுகளை அழித்து இழப்பீடு வழங்கும் திட்டம் வந்தது. இதில் ஒரு விதி நம் கவனத்துக்குரியது. நோய் உறுதியானால் மாட்டின் மதிப்பில் பாதி. நோயில்லை என்று தெரிந்தால் முழு மதிப்பு. உண்மையைச் சொன்னவருக்குப் பாதி விலை என்றால், தலை இலேசாக நடுங்கும் பசுவைச் சந்தைக்கு முன்கூட்டியே ஓட்டிவிடத் தோன்றாதா என்ற கேள்வியை அக்காலத்திலேயே பலர் எழுப்பினர். 1990 பிப்ரவரியில்தான் இழப்பீடு முழு மதிப்பாக உயர்த்தப்பட்டது. தடைக்குப் பின் பிறந்த மாடுகளிலும் 40,000க்கு மேற்பட்டவை நோயுற்றன. பழைய மூட்டைகள் தீரும்வரை பயன்பட்டன; பன்றிக்கும் கோழிக்கும் அத்தூள் கலந்த அதே ஆலையில்தான் மாட்டுத் தீவனமும் அரைக்கப்பட்டது. நோயுற்ற மூளையின் ஒரு கிராம் அளவே ஒரு கன்றுக்குப் போதும் என்பது சோதனையில் பின்னர் தெரியவந்தது.

இவ்வளவுக்கும் நடுவே மக்களுக்குக் கூறப்பட்ட ஆறுதல் ஆட்டிலிருந்து வந்தது. ஸ்க்ரேபி வந்த ஆட்டை மனிதர் 200 ஆண்டுகளாகத் தின்கிறார்கள், ஒருவருக்கும் தீங்கில்லை. மாட்டு நோய் அதே நோயின் இன்னொரு வடிவமாகவே இருக்கும். ஆகவே அதுவும் தீங்கற்றது என்றார்கள். 1990 மே மாதம் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தம் சிறுமகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் கொடுத்துப் புகைப்படக்காரர் முன் நின்றார். அதே மாதத்தில் ஒரு வீட்டுப் பூனைக்கு இதனையொத்த மூளைநோய் வந்த செய்தியும் வெளியானது. 1992இல் மட்டும் 37,000க்கு மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியாயிற்று. 1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, இளம் வயதினர் 10 பேருக்கு வந்துள்ள புதுவகை மூளைநோய்க்குப் பி.எஸ்.இ.யே காரணமாயிருக்கலாம் என்று அறிவித்தார். பிரிட்டனில் இந்நோயால் இறந்தோர் 178 பேர்.

அதுவரை மாட்டு நோயைக் கண்டறிந்த முறை என்ன? பண்ணைக்காரர் சந்தேகப்பட வேண்டும், அவரே தெரிவிக்க வேண்டும், மருத்துவர் வரவேண்டும், மாட்டைக் கொன்று மூளையை வெட்டி, சாயமேற்றி, நுண்நோக்கியில் துளை தேட வேண்டும். சந்தேகப்படாத மாடு கணக்கில் வராது. 1999இல் சுவிட்சர்லாந்து வேறு வழி கண்டது. பண்ணையில் இறந்துகிடந்த மாடுகளையும் அவசரமாக அறுக்கப்பட்ட மாடுகளையும் அந்நாட்டினர் தேடிச்சென்று பரிசோதித்தனர். எவரும் தெரிவிக்காத நோயாளிகள் கணிசமாக அகப்பட்டனர். இதற்கு உதவியது புதிய விரைவுப் பரிசோதனை. மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியே நீண்ட கரண்டியைச் செலுத்தி மூளைத்தண்டின் ஒரு பகுதியை எடுப்பர். அதில் புரதத்தைச் சிதைக்கும் நொதியை இடுவர். நலமான புரதம் கரைந்துபோகும், நோய்ப்புரதம் எஞ்சும். எஞ்சியதை எதிர்ப்பொருள் கொண்டு அடையாளம் காண்பர். சில மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். இளங்கன்றில் புரதம் மூளையை எட்டியிராது என்பதால் அங்கே இப்பரிசோதனைக்குப் பயனில்லை.

தங்கள் நாட்டில் இந்நோய் இல்லை என்று ஜெர்மனி சொல்லிவந்தது. 2000 நவம்பரில் அங்கே பிறந்த ஒரு மாட்டிலேயே நோய் தெரிந்தது. சில வாரங்களில் சுகாதார அமைச்சரும் வேளாண் அமைச்சரும் பதவி துறந்தனர். 2001 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுக்காக அறுக்கப்படும் 30 மாதத்துக்கு மேற்பட்ட மாடுகள் பரிசோதிக்கப்பட்டன. பிரிட்டனிலோ அவ்வயது மாடுகள் உணவுக்கே விடப்படவில்லை. ஒரு மாட்டில் நோய் தெரிந்தால், அறுப்பு வரிசையில் அதற்கு முன்னர் சென்ற ஓர் உடலும் பின்னர் சென்ற இரண்டு உடல்களும் சேர்த்து அழிக்கப்படும். இத்தாலி, ஆஸ்திரியா, பின்லாந்து என்று நோயற்றவை எனப்பட்ட நாடுகள் ஒவ்வொன்றாக அவ்வாண்டு பட்டியலில் சேர்ந்தன. நோய் அவ்வாண்டு அங்கே குடியேறவில்லை, தேடினார்கள், கண்டார்கள்.

இங்கே ஒரு தவறான பெருமிதத்தைத் தவிர்க்க விரும்புகிறோம். மாட்டை மயக்க மண்டையில் ஆணி பாய்ச்சியபின் கம்பியால் மூளையைக் குத்திக் கலக்கும் வழக்கத்தை ஐரோப்பா 2001 முதல் தடைசெய்தது. மூளைத்துகள் இரத்தத்தில் கலந்துவிடும் என்பதே காரணம். இதைச் சுட்டி, ஹலால் அறுப்பில் இந்நோய்க்கு இடமில்லை என்று சிலர் எழுதினர். அது சரியன்று. நோயுற்ற மாட்டை எம்முறையில் அறுத்தாலும் அதன் மூளையிலும் தண்டுவடத்திலும் நோய்ப்புரதம் இருக்கவே செய்யும்; சமைக்கும் சூட்டில் அது அழிவதில்லை.

இப்போது நம் தலைப்புக்குரிய நிகழ்ச்சிக்கு வருகிறோம். ஆடுகளும் அதே தூளைத் தின்றவை அல்லவா? 1993இல் எடின்பரோ ஆய்வாளர்கள் மாட்டு நோயைச் செம்மறியாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் ஏற்றிக் காட்டினர். அப்படியானால், ஸ்க்ரேபி என்று நாடு எண்ணிவந்த நோயாளி ஆடுகளுள் சிலவற்றுக்கு உண்மையில் பி.எஸ்.இ. இருந்ததா? இரண்டும் வெளியே ஒன்றுபோலத் தோன்றும். பிரித்தறிய அன்றிருந்த நம்பகமான வழி எலிகள்தாம். ஆட்டு மூளைச் சாற்றைப் பல வகை எலிகளுக்குள் செலுத்தி, எத்தனை நாளில் நோய் தோன்றுகிறது, மூளையின் எப்பகுதி எவ்வளவு துளைபடுகிறது என்று பார்க்க வேண்டும். மாட்டு நோய்க்கென்று ஒரு தனிக் கையெழுத்து உண்டு. மாட்டிலிருந்து எடுத்தாலும், பூனையிலிருந்து எடுத்தாலும், மனிதனிலிருந்து எடுத்தாலும் எலியில் அது மாறுவதில்லை. இச்சோதனைக்கு ஆண்டுக்கணக்கில் காலம் பிடிக்கும்.

எடின்பரோவில் 1997இல் இச்சோதனை தொடங்கிற்று. பயன்படுத்திய பொருள், 1990 முதல் 1992 வரை சேகரித்து ஒன்றாக அரைத்து உறையவைத்த ஏறத்தாழ 3,000 ஆட்டு மூளைகளின் கலவை. அது இச்சோதனைக்காகச் சேர்த்ததன்று. உருக்காலைகளின் சூட்டில் ஸ்க்ரேபி அழிகிறதா என்று பார்ப்பதற்காக முன்னர் சேர்த்தது. இருப்பதைப் பயன்படுத்துவோம் என்று அதனை எடுத்தனர்.

2001ஆம் ஆண்டு பிரிட்டனின் கால்நடைக்குப் பொல்லாத ஆண்டு. பிப்ரவரியில் கோமாரி வெடித்தது; 23ஆம் தேதியிலிருந்து கால்நடைகளை இடம்பெயர்த்தல் தடைசெய்யப்பட்டது. மார்ச் முதல் வாரத்தில் வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அங்குள்ள நம் சகோதரர்கள் எதிர்பார்த்தபடி ஆடு வரவில்லை. ஆண்டு முடியுமுன் 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் அழிக்கப்பட்டன. அந்தச் சாம்பல் ஆறுமுன் எடின்பரோவின் எலிகள் ஆட்டில் பி.எஸ்.இ. இருப்பதாகவே காட்டின. அப்படி உறுதியானால் நாட்டின் ஆட்டுமந்தை முழுவதையும் அழிக்க நேரிடலாம் என்ற வழியையும் உள்ளடக்கிய திட்டத்தை அரசு செப்டம்பரில் வெளியிட்டது. ஆடு மேய்த்து வாழும் வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைக் குடும்பங்களுக்கு அது என்ன செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டிறைச்சியையே அன்றாட இறைச்சியாகக் கொண்ட பிரிட்டன் முஸ்லிம்களுக்கு, ரமளான் பிறக்க இரண்டு மாதமே இருந்த அந்நேரத்தில், இது தட்டில் இருப்பதைப் பற்றிய செய்தி.

கடைசி நேரத்தில் ஒரு கேள்வி எழுந்தது: இம்மூளைக் கலவை ஆட்டுடையதுதானா? சேகரித்த காலத்தில் அதே இடங்களில் மாட்டு மூளைகளும் எடுக்கப்பட்டிருந்தன. சிறிது மாட்டு மூளை கலந்திருந்தாலும் முடிவு பொய்யாகும். ஆகவே மாதிரியை லண்டனிலுள்ள அரசு வேதியியலாளர் ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்தனர். சிறிது மாடு கலந்திருக்கிறதா என்று தேடியவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. அதில் ஆடே இல்லை. முழுவதும் மாடு.

அக்டோபர் 17ஆம் தேதி இரவு, நாளிதழ்கள் அச்சுக்குப் போகும் நேரத்தில், அமைச்சகம் தன் இணையதளத்தில் இச்செய்தியை வெளியிட்டது. அந்நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக அமைச்சர் மார்கரெட் பெக்கெட் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். நான்கு ஆண்டு உழைப்பு வீணாயிற்று. மாட்டு நோயை எலியில் ஏற்றி, மாட்டு நோய் தெரிகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். பின்னர் நடந்த தணிக்கைகள் மாதிரிகளைப் பற்றிய பதிவேடுகளிலும் சீட்டுகளிலும் குறைகளைக் கண்டன. எந்தக் குப்பியிலிருந்து எது எடுக்கப்பட்டது என்பதைத் தொடக்கம் முதல் இறுதிவரை தொடர்ந்துசெல்ல இயலவில்லை. நுண்நோக்கி பிழைக்கவில்லை, எலிகள் பிழைக்கவில்லை, நொதிகள் பிழைக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் உறைபெட்டியில் வைத்தவர் எழுதியதும் எழுதாமல் விட்டதும் ஒரு நாட்டின் ஆட்டுமந்தையை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோயின. அமானிதம் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் பணத்தையே நினைக்கிறோம்.

ஆட்டில் நோய் உண்டா என்ற கேள்விக்கு அந்த இரவு விடையளிக்கவில்லை. கேள்வி தொடக்க இடத்துக்கே திரும்பியது. 2002 முதல் ஐரோப்பாவில் ஆடுகளும் பெருமளவில் பரிசோதிக்கப்பட்டன. அவ்வாண்டு பிரான்சில் அறுக்கப்பட்ட ஒரு வெள்ளாட்டின் மூளையில் சந்தேகம் எழுந்து, எலிச் சோதனைகள் அனைத்தும் முடிந்து, 2005 ஜனவரியில் அது பி.எஸ்.இ. என்று உறுதியாயிற்று. ஆகவே பிரிட்டன் அதிகாரிகளின் அச்சம் வீண் அச்சமன்று. அவர்களது குப்பிதான் தவறு. பண்ணைச் செம்மறியாட்டில் இயற்கையாக அந்நோய் வந்ததாக இன்றுவரை உறுதிப்படவில்லை.

மாட்டுக்கு அதற்கு முன்னரே ஒரு ‘பாஸ்போர்ட்’ வந்திருந்தது. 1996 ஜூலை முதல் பிரிட்டனில் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் தனி எண்ணுடன் காதுவில்லையும், தாய் யார், எப்பண்ணையில் பிறந்தது, எங்கே விற்கப்பட்டது என்று எழுதிய கடவுச்சீட்டும் கட்டாயமாயின. 1998 முதல் அவை கணினியில் ஏறின. ஆடுகளுக்கு மந்தைக்குறி மட்டுமே நீண்டகாலம் இருந்தது. ஒவ்வோர் ஆட்டுக்கும் தனி மின்னணு அடையாளம் 2010இல்தான் வந்தது. அதனை எதிர்த்த பண்ணைக்காரர்கள் செலவைச் சொன்னார்கள். மலையில் மேயும் நூற்றுக்கணக்கான ஆடுகளைப் பிடித்து எண் படிக்கும் சிரமத்தைச் சொன்னார்கள். இரண்டும் உண்மையே.

2018 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் அபர்தீன்ஷயரில் ஐந்து வயதுப் பசு ஒன்று பண்ணையிலேயே இறந்தது. யாரும் அதனை உண்ணப்போவதில்லை. ஆயினும் 48 மாதத்துக்கு மேற்பட்டு இறக்கும் மாடு எதுவாயினும் மூளைத்தண்டு எடுக்கப்பட வேண்டும் என்ற விதிப்படி எடுத்தார்கள்; பி.எஸ்.இ. என்று விடை வந்தது. ஸ்காட்லாந்தில் பத்தாண்டுகளில் முதலாவது. அதன் கடவுச்சீட்டைப் பிரித்து, அது ஈன்ற கன்றுகள் எவை, அதனோடு ஒரே காலத்தில் பிறந்து ஒரே தொட்டியில் தின்றவை எவை என்று அதிகாரிகள் காதுவில்லை எண்களைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றார்கள்.